ஒரு இஞ்சினு, பதினேழு பிரேக்கு

ஏண்டா கண்ணு, குன்னூருக்குப் பதினெட்டுப் பேரு போறீங்களாமா? அப்பத்தா சொல்லுச்சு. வாட்ஸ்அப்புல குரூப்பு ஆரம்பிச்சு, பேரு வெச்சு, படமும் வெச்சாச்சாம். டீசர்ட்டு என்ன கலருன்னு மூணு நாளாப் பழமை ஓடுதாம். நெம்பச் சந்தோசம். ரயிலு டிக்கெட்டு மட்டும் இன்னும் ஒருத்தரும் போடலையாமா. அது கெடக்குது, மொதல்ல கலரு முடிவாகட்டும்.

நான் இந்தக் கல்லாத்துப் பாக்குத் தோப்புல உக்காந்து அந்த மலை வண்டியப் பாத்தே நரைச்சவன். காத்தால 7.10க்கு மேட்டுப்பாளையத்துல பொறப்படும். நாளைக்கு ஒண்ணுதான். அத உத்துப் பாத்தீன்னா உன்ற குரூப்பு அப்படியே தெரியும்.

இஞ்சினு முன்னால இருக்காது சாமி, பின்னால இருக்கும். பொகையக் கக்கிக்கிட்டு, மூச்சு வாங்கித் தள்ளும். முன்னால உக்காந்திருக்கறவங்க சன்னல்ல தலைய நீட்டிப் போட்டோ எடுப்பாங்க. அந்த இஞ்சினு நீதான். அப்பறம் பொட்டிக்கு ஒரு பிரேக்குக்காரரு கொடியோட நிப்பாரு. மலை வண்டிக்கு அது உசுருக்குக் காவலு. உன்ற வண்டியில ஆளுக்கொரு பிரேக்கு. ஒருத்தனுக்கு லீவு கெடைக்கல. ஒருத்தன் ஊட்டுல கேட்டுச் சொல்றேங்கறான். ஒரு அம்மணி, அவ சிநேகிதி வந்தாத்தான் வருவாளாம். அந்தச் சிநேகிதிய விசாரிச்சா, இவ வந்தாத்தான் அவளாம்.

கல்லாரு வரைக்கும் எந்த வண்டியும் போயிரும்டா. அதுக்கு மேலதான் சங்கதி. செங்குத்தா இருக்கற எடத்துல 12 அடி போனா ஒரு அடி ஏறோணும். வெறும் சக்கரம் வழுக்கிப்போடும். அதுக்குத்தான் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு வெச்ச பட்டை போட்டிருக்கறாங்க. இஞ்சினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் அதக் கடிச்சுக் கடிச்சு ஏறும். ஆப்ட்டுன்னு ஒரு சுவிஸ்காரரு பண்ணுன ஏற்பாடு. 1899-ல குன்னூருக்கு வண்டி உட்டாங்க, இன்னைக்கும் அதே கடிதான்.

உங்க குரூப்புக்குப் பல்லு எதுன்னா, அட்வான்சு. தலைக்கு ஆயிரம் கேட்டுப் பாரு. “மச்சி, நான் கன்ஃபார்ம்”னு நெருப்புப் பொம்மை போடறான் பாரு, அவன்கிட்ட மொதல்ல கேளு. பொழுது எறங்கறதுக்குள்ள பதினெட்டு ஏழாயிரும். ஏழு பேருக்கு எடம் கெடைச்சாலே பெருசு. 60 நாளுக்கு முன்னாடி புக்கிங்கு தொறக்கும். இத்தனூண்டு வண்டி, தொறந்த சூட்டுல தீந்துரும்.

ஊட்டிக்கே போயரலாம்னு எவனாச்சும் அடம் புடிப்பான். போகட்டும். பல்லுப் பட்டையும் ஆவி இஞ்சினும் குன்னூரோட செரி, அதுக்கு மேல டீசலு. கேத்திப் பக்கம் கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும், இல்லேங்கல. நானா இருந்தா குன்னூர்லயே எறங்கி, வர்க்கிய டீயில முக்கித் தின்னுட்டு, சிம்ஸ் பூங்கா மரத்தடியில ஒரு தூக்கம் போடுவேன். ஐப்பசி, கார்த்திகையில தேதி வெக்காத. ஒரு மழைக்கு மண்ணு சரிஞ்சு தண்டவாளத்து மேல வந்து படுத்துக்கும். வண்டிய ரத்து பண்ணிப்போடுவாங்க. ரயிலு வேண்டா, காருல போலாம்பான் ஒருத்தன். காருக்கு இ-பாஸு எடுக்கோணும்னு சொல்லு, கம்முனு இருந்துக்குவான். பிளாஸ்டிக்குத் தண்ணி பாட்டல எடுத்துட்டுப் போகாத, மலையில அதுக்குத் தடை.

நாங்களும் ஒருக்கா கெளம்புனோம்டா, என்ற மீசை கருப்பா இருந்தப்ப. பன்னெண்டு பேரு. அட்வான்சுங்கற புத்தி அப்ப எனக்கு இல்ல. என்ற காசுலயே பன்னெண்டு டிக்கெட்டும் எடுத்து, பன்னெண்டு பேருக்குப் புளிச்சோறு கட்டி, பெரிய தூக்குப்போசியோட ஸ்டேசன்ல நிக்கறேன். ஒருத்தனையும் காணோம். வண்டி கூவற நேரத்துல ஒருத்தன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வாரான். அந்தப் பன்னெண்டுல அவன் இல்ல. ஆட்டுக்கு நான் பாக்கி வெச்ச காச வசூல் பண்ண வந்தவன். “காசு குன்னூர்ல தர்றேன், ஏறு”ன்னேன். ஏறிக்கிட்டான்.

ஹில்குரோவுல இஞ்சினு தண்ணி குடிக்க நிக்கும். காலாற எறங்குனோம். கொரங்குக வந்து போசிய உருட்டி, மூடியத் தொறந்து, வரிசையா உக்காந்து தின்னுச்சுக பாரு, பந்தி கெட்டுது. அவன் என்ன ஒரு பார்வை பாத்தான். குன்னூர்ல அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தது நானு. ஆட்டுக் காசு கேக்கறயா? அது இருக்கட்டும்.

அந்தா, கட்டுச்சோறு எத்தன பேருக்குன்னு உள்ள இருந்து அப்பத்தா கேக்குது. பதினெட்டுன்னே சொல்லு. அன்னிக்குக் கொரங்குகளுக்குக் கொஞ்சம் பத்தல.