கேட்டுக்கு வெளியே

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவர் இப்போது ஒரு ஃபைலோடு கிளம்ப வேண்டும். ஆதார், பான் கார்டு, சாலரி ஸ்லிப், ஆபீஸ் அடையாள அட்டை. போதாதென்றால், நம் பெயரில் எந்தக் கோர்ட்டிலாவது வழக்கு இருக்கிறதா என்று துருவிப் பார்த்து, பச்சை டிக் போட்டு அறிக்கை தர நிறுவனங்கள் இருக்கின்றன. அதற்கான சில நூறு ரூபாயை நம் தலையிலேயே கட்டும் ஓனர்களும் உண்டு. யோக்கியன் என்று நிரூபிக்கிற செலவு யோக்கியனுடையது.

அந்த அறிக்கையை ஓனர் படிப்பாரா? மாட்டார். நாளைக்குப் போலீஸ் வந்தால் காட்டுவதற்கு அது. அவருக்கு வேண்டிய அறிக்கை கேட்டிலேயே நாலு கேள்வியில் தயாராகிவிடும்.

"சொந்த ஊர் எது தம்பி?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "குலதெய்வம்?" பிறகு ரொம்பப் பெருந்தன்மையாக, "நாங்க அதெல்லாம் பாக்கிறதில்ல, சும்மாதான் கேட்டேன். நான்வெஜ் சமைப்பீங்களா?" சில தெருக்களில் முதுகில் ஒரு தட்டும் உண்டு. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டைக்குள் பூணூல் இருக்கிறதா என்று விரல் துழாவுகிறது. முஸ்லிம் பெயர் என்றால் இந்தத் தேர்வே கிடையாது. "அடடா, இப்பதான் ஒரு பார்ட்டி டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க." டூ-லெட் போர்டு மட்டும் அடுத்த மாதமும் தொங்கும்.

அமெரிக்காவிலும் வாடகைக்கு வருபவரைச் சலிக்கிறார்கள். ஆனால் அங்கே 1970-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அறிக்கையைப் பார்த்து வீடு மறுத்தால், அதை எழுதிய நிறுவனம் எது என்று சொல்லியாக வேண்டும். நகல் வாங்கலாம். பிழை இருந்தால் எதிர்த்துக் கேட்கலாம். அங்கேயும் அநியாயம் நடக்கிறது. அநியாயத்துக்கு ஒரு ரசீதாவது கிடைக்கிறது. என் குலதெய்வம் தவறாகப் பதிவாகிவிட்டது என்று நாம் எந்த ஆபீஸில் மனு கொடுப்பது?

நம் ஜாதகத்தையே வாங்கி வைத்துக்கொண்டவரிடம் ஒரே ஒரு எண்ணைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை பெற ஓனரின் பான் எண்ணை ஆபீஸில் கொடுக்க வேண்டும். "பான் கேக்கிறவங்களுக்கு வீடு குடுக்கிறதில்லீங்க." நம் பான் அவர் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. அவர் பான் ராணுவ ரகசியம். வாடகையை ரொக்கமாகக் கொடு என்கிறவர்தான் நம் மேல் கிரிமினல் கேஸ் இருக்கிறதா என்று தேடுகிறார்!

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. பத்து மாதம் கேட்கும் ஓனரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். "வில்லங்கமான ஆள்" என்று அறிக்கையில் ஏறிவிடும்.

சரி, அரசியல் சாசனம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களை 15(2) பிரிவு பட்டியல் போடுகிறது. கடை இருக்கிறது, ஹோட்டல் இருக்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாம் இருக்கின்றன. வாடகை வீடு இல்லை. ஆகவே, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓனரின் கேட்டுக்கு வெளியே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள். அது சாலை. அங்கே நிற்க உங்களுக்கு அடிப்படை உரிமை உண்டு.