பவுடர் ஜாடியின் தூசிப் படிவங்கள்: ஒரு வடசென்னை ஆய்வு

டிரஸ்ஸிங் டேபிள் மீது வீற்றிருக்கும் பூப்போட்ட பழைய பீங்கான் ஜாடிக்கு வயது கணிக்க, அறிஞர்கள் அதைக் கவிழ்த்துப் பார்ப்பதே மரபு. அடியில் நாட்டின் பெயர் இல்லையா, 1891க்கு முந்தையது. அந்த ஆண்டு முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றது அமெரிக்கா. 'நிப்பான்' என்றிருந்தால் 1921க்கு முன்; 'ஜப்பான்' என்றால் பின். இம்முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது. மெட்ராஸில் இறங்கிய ஜாடி அமெரிக்கச் சட்டத்துக்கு எதற்காகக் கட்டுப்பட வேண்டும்?

ஆகவே அடிப்பாகத்தை விட்டுவிட்டு, மூடி உட்காரும் விளிம்புக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவும் புதிய முறையை முன்வைக்கிறோம்.

ராயபுரத்து ஜாடியின் தூசி கறுப்பும் சிவப்பும் கலந்தது. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட காலத்தின் கொடை அது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் இரண்டும் நின்றன. படிவமும் அத்தோடு நின்றது. கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எண்ணூருக்கோ ஏற்கெனவே தனிப் படிவம் உண்டு: 1970 முதல் 2017 வரை ஓடிய அனல்மின் நிலையத்தின் சாம்பல். கீழே கறுப்பு, மேலே சாம்பல் என இரண்டும் ஒரே ஜாடியில் கிடைத்தால், அது ராயபுரத்தில் பிறந்து எண்ணூருக்கு வாக்கப்பட்டுச் சீர்வரிசையோடு போன ஜாடி. திருவொற்றியூர் ஜாடிகளில் எல்லாம் உப்புக்காற்றில் குழைந்து பசையாகிவிடுவதால் அவ்வூரை இவ்வாய்விலிருந்து விலக்கியுள்ளோம்.

உள்ளடக்கமும் துணைச் சான்று. பவுடர் இருந்ததாக எந்த ஜாடியும் காட்டவில்லை. கிடைப்பவை ஊக்கு, காய்ந்த ஸ்டிக்கர் பொட்டு, ஒற்றைக் கம்மல், 25 காசு. அந்தக் காசும் 2011 ஜூனோடுதான் செல்லாமல் போனது. காசுக்கு மேல் கரி படிந்திருந்தால், வீட்டார் அதைச் செல்லும்போதே மறந்த வசதிக்காரர்கள் என்று கொள்ளலாம்.

மூடி பற்றி ஒரு சொல். இங்கிலாந்தில் ஃபென்டன் ஊரின் பிராட் நிறுவனத்தார் 1840களிலிருந்து ஜாடி மூடிகளில் வண்ணப் படம் அச்சிட்டார்கள். கரடிக் கொழுப்புத் தலைத்தைலம் தீர்ந்ததும் ஜாடியை எறிந்துவிட்டு மூடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவோர் இன்றும் உண்டு. நம் வீடுகளில் மூடி முதல் தலைமுறையிலேயே உடைகிறது, ஜாடி நிற்கிறது. அங்கே மூடி, இங்கே ஜாடி. இரு நாடும் மனம் வைத்தால் ஒரு முழு ஜாடி தேறும்.

கள ஆய்வில் காசிமேட்டருகே ஒரு வீட்டில், நீலப் பூ வரைந்த, விளிம்பெல்லாம் கறுத்த அருமையான மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

"இன்னா நைனா, அப்படிப் பாத்துனுகீற?" என்றார் பெரியம்மா.

"உள்ளே இருக்கிற தூசியைத்தான் பெரியம்மா."

"ஐய, அழுக்கா கீதா? குடு இப்படி" என்று ஜாடியை வாங்கி, முந்தானையை உள்ளே விட்டு, மூன்று சுற்று சுற்றி, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்.