மஞ்சள் லேசரும் சோடியம் ஆவியும்

கேள்வி: உலோகத்தை ஆவியாக்கி, அதில் லேசரைப் பாய்ச்சி விஞ்ஞானிகள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

பதில்: அணுவின் ஆற்றல் படிகளைத்தான். சோடியம் ஆவியில் 589 நானோமீட்டர் மஞ்சள் லேசர் பட்டால், வெளி எலக்ட்ரான் ஒரு படி மேலே தாவும். அந்தப் பதவி நீடிப்பது சுமார் 16 நானோ நொடிதான். தேர்தல் கூட்டணியே தேவலை! எந்த நிற ஒளியை அணு விழுங்குகிறது, எதை உமிழ்கிறது என்று அளந்தால் படிகளின் இடைவெளி தெரிந்துவிடும்.

ஒரே தொல்லை, ஆவியில் அணுக்கள் கண்டபடி ஓடும். ஓடும் அணுவுக்கு ஒளியின் நிறம் சற்றே மாறித் தெரியும்; இந்த டாப்ளர் விளைவால் நிறக்கோடு அகன்று மங்கிவிடும். எதிரெதிரே ஒரே நிற லேசர் கற்றைகள் இரண்டை அனுப்பினால், அவற்றின் திசையில் ஓடாத அணுக்கள் மட்டுமே இரண்டுக்கும் ஒருசேர மசியும், கோடு கூர்மையாகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர்கள் ஹென்ஷ், ஷாவ்லோ ஆகியோரின் குழு சோடியத்தில் இதைச் செய்து 1971இல் வெளியிட்டது. லேசர் நிறமாலையியலுக்காக ஷாவ்லோ 1981இலும் ஹென்ஷ் 2005இலும் நோபல் பரிசை வேறு சிலருடன் பகிர்ந்துகொண்டார்கள்.