பாலைவனத்தில் மீன்

கேள்வி: ஆப்பிரிக்காவில் மீன் வளர்ப்பில் முதலிடம் ஏரிகள் நிறைந்த உகாண்டாவுக்குத்தானே?

பதில்: இல்லை, பெரும்பகுதி பாலைவனமான எகிப்துக்கு! ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் திலேப்பியா, நம்மூர் ஜிலேபி மீனின் இனம். இத்தனைக்கும், மீன் பண்ணைக்கு நைல் நதியின் நல்ல தண்ணீர் கிடையாது என்றது 1983-ம் ஆண்டுச் சட்டம். வயலில் பாய்ந்து வடிந்த நீர்தான். முதல் பந்தி பயிருக்கு, மிச்சம் மீனுக்கு. எனக்கென்னவோ இது தலைகீழாகப் படுகிறது. மீன் நீந்திய நீர் பயிருக்கு எருவாயிற்றே! பாலைவனப் பண்ணைகள் சில அதைப் புரிந்துகொண்டு, நிலத்தடி நீரில் முதலில் மீன் வளர்த்து, பிறகு அதே நீரைத் தீவனப் பயிருக்குப் பாய்ச்சுகின்றன. உண்மையான தலைவலி தீவனச் செலவு. சோயா இறக்குமதி என்பதால், மீன் தின்பது டாலரைத்தான்!