அவரைக்கொடி ஏறும் பாடத்திட்டம்

வசந்தம் வந்தால் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அவரை விதைக்கு யோகம். ஈரக் காகிதத்தில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறார்கள். பக்கத்திலேயே பச்சைக் காகிதத்தில் வெட்டிய கொடி, அதன் உச்சியில் பஞ்சு மேகம்: ‘ஜாக்கும் அவரைக்கொடியும்’ கதைக்கான கைவினை. முளைவிடவே ஒரு வாரம் ஆகலாம், பொறுமை வேண்டும் என்கிறது அறிவியல். ஒரே ராத்திரியில் வானத்தைத் தொடும் என்கிறது கதை. ஏழு வயதுப் பிள்ளை எந்தக் கட்சியில் சேரும்?

கதைதானே, நீதியைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். 1890இல் ஜோசப் ஜேக்கப்ஸ் வெளியிட்ட வடிவில் ஜாக் கொடியேறிப் போய், மேலே வாழும் அரக்கன் வீட்டில் மூன்று முறை திருடுகிறான்: பொற்காசுப் பை, பொன்முட்டைக் கோழி, பொன் யாழ். ரொட்டியும் பாலும் கொடுத்து அவனை ஒளித்துவைத்த அரக்கன் மனைவிக்குக் கிடைத்த கைம்மாறு, கைம்மை. 1807இல் வெளியான பெஞ்சமின் டாபர்ட்டின் பதிப்பில், அரக்கன் ஜாக்கின் தந்தையைக் கொன்று சொத்தைப் பறித்தவன் என்று ஒரு தேவதை சாட்சி சொல்கிறாள். ஜேக்கப்ஸ் அந்தச் சாட்சியைத் தள்ளுபடி செய்துவிட்டார். ஆனாலும் பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. பாடுபட்டு வளர்ப்பது எப்படி என்று ஜன்னல் கற்பிக்கிறது. பணக்காரன் ஆவது எப்படி என்று கதை கற்பிக்கிறது. இரண்டும் வேறு வேறு பாடம் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே தெரிந்துகொள்வது நல்லதுதான்.