கழற்றுநர், மாட்டுநர்: புதுக்கோட்டை ஸ்கூட்டர் மரபில் ஏர் ஃபில்டர் பற்றிய ஓர் ஆய்வு

சித்தன்னவாசல் ஓவியத்துக்கு நூல்கள் உண்டு. கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குக் கட்டுரைகள் உண்டு. ஆனால் கீரனூர்ப் பட்டறையில் காதைச் சாய்த்துக்கொண்டு கார்ப்ரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பும் மெக்கானிக்கின் நுண்கலைக்கு இதுவரை அரைப் பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. அந்த இழுக்கைத் துடைக்கவே இக்கட்டுரை.

ஆய்வின் இட எல்லை: மேற்கே விராலிமலை, கிழக்கே கோட்டைப்பட்டினம். கால எல்லை: பஜாஜ் சேட்டக் பிறந்த 1972 முதல் 2020 மார்ச் 31 வரை. மறுநாள் பி.எஸ்.6 புகை விதி நடைமுறைக்கு வந்ததும் புது ஸ்கூட்டர்களில் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டது. இதைக் 'கார்ப்ரேட்டர் யுகத்தின் முடிவு' என்பர் ஆய்வாளர். (இத்துறையில் ஆய்வாளர் நான் ஒருவனே என்பதால் மறுப்பாரில்லை.) எனினும் செகண்ட் ஹேண்ட் வண்டி ஓடும் காலம்வரை மரபு அழியாது.

இம்மரபில் இரு பள்ளிகள் உள. ஃபில்டரைக் கழற்றி எறி என்பார் கழற்றுநர். கழற்றாதே என்பார் மாட்டுநர். கழற்றுநரின் மூலவாக்கியம் இது: "மூக்கப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா வண்டி எப்படிண்ணே ஓடும்?" இதற்கு அவர்கள் காட்டும் சான்று நேர்க்காட்சி. கழற்றினார்கள், பிக்கப் வந்தது.

அற்றன்று. கழற்றியதும் பிக்கப் வந்தால், உள்ளே இருந்த ஃபில்டர் அடைத்துப்போயிருந்தது என்பது மட்டுமே நிறுவப்படும். புது ஃபில்டர் மாட்டி ஓட்டிப் பார்த்தாலும் அதே பிக்கப் வந்திருக்கும். அந்த இரண்டாம் சோதனைக்கு எவரும் முன்வருவதில்லை, ஏனெனில் அதற்குக் காசு செலவாகும்.

இனி அளவை. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். ஆக அதற்குக் கிட்டத்தட்ட 11 கிலோ காற்று. கன அளவில் ஏறக்குறைய 9,000 லிட்டர். பங்க்கில் மீட்டர் ஜீரோவில் இருக்கிறதா என்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும் பெருமகனார், ஓசியில் உள்ளே போகும் இந்த 11 கிலோ சரக்கின் தரத்தை ஒருநாளும் விசாரித்ததில்லை.

விசாரித்திருந்தால் கலங்கியிருப்பார். கல்குவாரியும் கிரஷரும் நிறைந்த மாவட்டம் இது. ஜல்லி லாரி கிளப்பும் புழுதி, நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரத்தைத் தாங்கி நிற்கும் கருங்கல்லின் பேரப்பிள்ளை. அதிலுள்ள குவார்ட்ஸ் மோஸ் கடின அளவுகோலில் 7. கத்தி எஃகையே கீறும். சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் எம்மாத்திரம்? கழற்றுநரின் வண்டி சில மாதம் பறக்கும். பிறகு கம்ப்ரஷன் விழும், ஆயில் குடிக்கும், புகைவிடும். அப்போது பழி முழுதும் ஆயில் கம்பெனிமேல் விழும்.

அதற்கு முன்பே ஒரு சிக்கல் முளைக்கும். ஃபில்டர் போனால் காற்று கூடி மிக்சர் லீனாகும், எஞ்சின் சுடும். இதற்கு மூலச்சான்று பிளக். முனை வெளுத்திருந்தால் காற்று மிகை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை. காப்பிப்பொடி நிறமெனில் நலம். வெளுப்பைக் கண்ட மெக்கானிக் பெரிய ஜெட் போடுவார். மைலேஜ் படுக்கும். மைலேஜை எழுப்ப ஏர் ஸ்க்ரூவை முடுக்குவார்கள்.

ஸ்க்ரூ விஷயத்தில்தான் உரையாசிரியர்கள் முட்டிக்கொள்கிறார்கள். அது ஃபில்டர் பக்கம் இருந்தால் முடுக்க முடுக்கக் காற்று குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் குறையும். இஃதறியாமல் "அரைச் சுத்து டைட் வைங்க" என்று போனில் யோசனை சொல்பவரை நம்பற்க. முறை இது: எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, ஸ்க்ரூவை அழுத்தாமல் முழுக்க முடுக்கி, ஒன்றரைச் சுற்று தளர்த்தி, ஸ்டார்ட் செய்து, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்ப, ஐட்லிங் எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே நிறுத்துக. பின் ஐட்லிங் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறைக்க. (குடுமியான்மலைக் கல்வெட்டில் ஏழு பண்களுக்குச் சுரக்கோவை உண்டு. ஐட்லிங்குக்கு இல்லை, தேடியாயிற்று.) இத்தனையும் ஃபில்டர் மாட்டிய நிலையிலேயே செய்யத்தக்கது. மேலும், இந்த ஸ்க்ரூவின் ஆட்சி ஐட்லிங்கோடு சரி. ஆக்சிலேட்டரை முறுக்கியபின் ராஜ்யம் நீடிலுக்கும் மெயின் ஜெட்டுக்கும் கைமாறிவிடும்.

பராமரிப்பு: ஸ்பாஞ்சு ஃபில்டரெனில் மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, ஆயில் தொட்டுப் பிழிந்து மாட்டுக. ஆயில் பூசிய பேப்பர் ஃபில்டரெனில் ஏர் அடியற்க, மாற்றுக.

கழற்றுநர் வாதம் தள்ளுபடி செய்யப்படுகிறது. மறுப்புரை எழுத விழைவோர், முதலில் கீரனூர் ரோட்டில் ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் வாயைத் திறந்தபடி வண்டி ஓட்டிவிட்டு வரவும்.