கரைப் பட்சத்து மீன்பிரியர்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையை ஒட்டி, சிப்காட் ஆலைகளின் சங்கொலிக்கும் உப்பனாற்றின் உப்பங்காற்றுக்கும் இடையே கிடக்கும் குடிகாட்டுப் பக்கத்தில் மனிதர்களை வகைப்படுத்துவது சிரமமான காரியமல்ல. ஆலையில் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டுகளாகத் தூக்கத்தைப் பங்கிட்டுக் கொண்டவர்கள் ஒரு வகை. விடியுமுன் ராசாப்பேட்டைக் கரையில் படகேறிப் போய், வெயில் ஏறியபின் திரும்பி, மீன் விலை போகவில்லை என்று குறைப்பட்டுக் கொள்ளும் கடலோரத்தார் மற்றொரு வகை. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது பிரகிருதி ஒருவர் உண்டு. வங்காள விரிகுடா பக்கத்திலேயே அலையடித்துக் கொண்டிருக்க, அதைச் சற்றும் லட்சியம் செய்யாமல் ரயிலேறி மும்பைக்குப் போய், ஜூஹுவில் ஹெலிகாப்டரில் தொற்றிக்கொண்டு, அரபிக் கடலின் நடுவே மும்பை ஹை எண்ணெய் வயலில் 14 நாள் உத்தியோகம் பார்த்துவிட்டு, அடுத்த 14 நாள் வீட்டில் இருந்து, மறுபடியும் அந்தக் கடலுக்கே போய்ச் சேர்கிறவர் அவர். ஊரார் இதற்கு ‘ரிக்கு வேலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ரிக்குக்காரர்களுக்குள்ளும் ஒரு விசேஷ ரகத்தைப் பற்றியே இங்கே சொல்ல வந்தேன்: வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்.

நமக்கெல்லாம் மாதத்தில் சுக்கில பட்சம், கிருஷ்ண பட்சம் என்று இரண்டு இருப்பதுபோல அவருக்குக் கடல் பட்சம், கரைப் பட்சம் என்று இரண்டு உண்டு. தீபாவளி எந்தப் பட்சத்தில் வருகிறது, ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போக வாய்க்குமா, மைத்துனியின் நிச்சயதார்த்தத்தில் தாம் தாம்பூலத் தட்டோடு நிற்பாரா அல்லது கைப்பேசித் திரையில் தலையசைப்பாரா என்பதையெல்லாம் அவர் இந்தக் கணக்கை வைத்தே நிர்ணயிக்கிறார். 1974-இல் ‘சாகர் சாம்ராட்’ என்ற துளையிடும் ரிக்கு அங்கே எண்ணெயைக் கண்டுபிடித்த நாள் முதல் எத்தனையோ குடும்பங்களின் காலண்டரை அந்தக் கடல்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆயுளில் பாதியைக் கடல் நடுவே கழிக்கும் இம்மனிதருக்கு மீனோடு யாதொரு சம்பந்தமும் கிடையாது. எண்ணெய் மேடையைச் சுற்றி 500 மீட்டர் தூரத்துக்கு மீன்பிடி படகு நெருங்கக் கூடாதென்பது சட்டம். பன்னிரண்டு மணி நேர ட்யூட்டியில் அண்ணாந்து பார்த்தால் இரும்பு, குனிந்து பார்த்தால் இரும்புக்குக் கீழே வெகு ஆழத்தில் நீலம். ஹெலிகாப்டர் தண்ணீரில் கவிழ்ந்தால் தலைகீழாக மூழ்கி வெளியே வரும் வித்தையைப் பயிற்சிக் குளத்தில் கற்று அத்தாட்சிப் பத்திரமும் பெற்றிருக்கிறார். அதற்குமேல் ஜலத்தோடு அவருக்கு உறவில்லை. எனவேதான், கடலிடம் கிடைக்காத சிநேகத்தை நான்கடிக் கண்ணாடித் தொட்டியிடம் எதிர்பார்த்து, ஒரு கரைப் பட்சத்தில் சென்னைக் கொளத்தூருக்குப் போய், பிராணவாயு அடைத்த பைகளில் ஏஞ்சலும் கௌராமியும் மோலியுமாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் பெற்ற பிள்ளைக்கும் காட்டியிராத சிரத்தையோடு பையை அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வாசலில் மீன் விற்க வரும் அம்மாள் கூடையை இறக்கிவிட்டுத் தொட்டியை உற்றுப் பார்த்தாள்.

“ஏன் தம்பி, இது கொழம்புக்கு ஆவுமா?”

“ஆவாதும்மா.”

“வறுவலுக்கு?”

“அதுக்கும் ஆவாது.”

“பின்ன எதுக்குக் கெடக்குது?”

“பாக்கறதுக்கு.”

“நானுந்தான் தெனம் பாக்கறேன். எனக்கு எவன் காசு குடுக்கறான்?” என்று கேட்டுவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். இந்தக் கேள்விக்கு மீன்பிரியர்களின் சாஸ்திரத்தில் இன்றுவரை பதில் எழுதப்படவில்லை.

அடுத்தது ஜல பரிசோதனை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது. அதை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், பிறிதொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இவ்வளவையும் நம்மவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். ஆனால் அவருடைய விடுப்போ இரண்டு வாரம். இயற்கை தம் ட்யூட்டி ரோஸ்டரை அனுசரித்து நடக்கும் என்ற நம்பிக்கையில் மூன்றாம் நாளே மீன்களை இறக்கிவிட்டார். பிறகு நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறும் பரிசோதனைச் சீட்டுகளைக் காலை மாலை நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிப்காட் வந்த பிறகு கிணற்று நீர் கெட்டுப்போயிற்று என்ற ஊராரின் புகார் மிகப் பழையது, அதனால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்டைவீட்டுப் பெரியவர், “மீனுக்குப் பாத்து முடிச்சப்புறம் எங்க வூட்டுத் தண்ணியிலயும் ஒண்ணு நனைச்சுப் பாரு தம்பி, இத்தினி வருசமா எங்களுக்கு யாரும் பாத்து ஒண்ணும் சொல்லல” என்று விநயமாகக் கேட்டுக்கொண்டார். மீனுக்குக் கேன் தண்ணீர் வாங்குவதென்று அன்றே தீர்மானமாயிற்று.

கடல் பட்சம் நெருங்கும்போது வீட்டில் நடக்கும் ஏற்பாடுகள் ஒரு சமஸ்தானாதிபதி தீர்த்தயாத்திரை கிளம்புவதற்கு ஒப்பானவை. 14 சிறு பொட்டலங்களில் தீனி மடித்துத் தேதி எழுதப்படும். பம்பு நின்றால் என்ன செய்வது, நீர் கலங்கினால் என்ன செய்வது, மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தால் யாருக்கு முதலில் போன் செய்வது என்று ஒரு சாசனம் சுவரில் ஒட்டப்படும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலுக்குப் பின் இந்தப் பக்கத்துக் கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை உருக்கமாக நினைவூட்டி அவர் ஓர் இன்வெர்ட்டர் வாங்கினார். அதன் இணைப்பு தொட்டிப் பம்புக்குப் போயிற்றேயன்றி, தாயார் படுக்கும் அறையின் மின்விசிறிக்குப் போகவில்லை. தாயாரின் அபிப்பிராயம் கேட்கப்படவுமில்லை.

ட்யூட்டி முடிந்த இரவுகளில் வீடியோ அழைப்பு வரும். “ஏங்க, மொதல்ல புள்ளையக் காட்டவா, மீனக் காட்டவா?” என்று மனைவி கேட்பாள். சபை நாகரிகம் கருதி “புள்ளைய” என்று சொல்லுவார்; சொல்லும்போதே அவர் கண்கள் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் எதையோ தேடும். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையிலும், 1909-இல் சென்னைக் கடற்கரையிலும் பொதுமக்களுக்கென மீன்காட்சிசாலைகள் திறந்தபோது அவற்றைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். குடிகாட்டுத் தொட்டிக்கோ சம்பளமில்லாத சூப்பரிண்டெண்டெண்டாக ஓர் இல்லத்தரசி வாய்த்திருக்கிறாள்.

அந்த அம்மாளோ சாசனத்தை ஒருமுறைக்குமேல் படித்தவளல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை தீனி. வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மொண்டு ஊற்றிவிட்டு, முந்தின இரவே பிடித்து வைத்த நீரை நிரப்புவாள். திடமான மீன் ஒரு வாரம் தீனியின்றியும் தாக்குப்பிடிக்கும் என்பதை எந்த நூலும் படிக்காமலே அவள் அறிந்திருந்தாள். ஆகவே “பாவம், வாயில்லா ஜீவன்” என்று பொட்டலத்தைப் பிரிக்க வரும் மாமனாரின் கைக்கெட்டாத அலமாரியில் தீனியை வைத்துப் பூட்டினாள். கடல் பட்சம் முழுவதும் தொட்டி பளிங்காக இருந்தது. மோலி குட்டி போட்டது.

பிறகு அவர் வந்தார். பதினான்கு நாள் பிரிவின் ஆற்றாமையை ஒரே பகலில் தீர்த்துக்கொள்ளும் வேகத்தில் தொட்டியை முழுக்க இறைத்து, கற்களைத் தேய்த்து வெயிலில் உலர்த்தி, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெளுத்து, குடியிருந்த நுண்ணுயிர்களை நிர்மூலம் செய்தார். போதாததற்குப் புதிதாக நான்கு மீன், இரண்டு மருந்து, வேளைக்கு வேளை தீனி. ஐந்தாம் நாள் நீர் கலங்கிற்று. எட்டாம் நாள் முதல் பிரேதம் மிதந்தது. “நான் இருக்கும்போதே இப்படிச் சாகிறதென்றால், இல்லாதபோது என்ன பாடு படுகிறதோ!” என்று அவர் கண் கலங்கியபோது மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அது துக்கத்தினால் என்று அவர் எண்ணினார்.

தொட்டிக்கு நேர்வதுதான் வீட்டுக்கும் நேர்கிறது என்பதைக் கவனித்தவர்கள் அறிவார்கள். தாம் இல்லாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சம்சாரத்துக்குள் திடீரென்று வந்து இறங்கும் அன்பு, சமையலறை டப்பாக்களை வரிசை மாற்றுகிறது. பிள்ளையின் டியூஷன் நேரத்தைத் திருத்துகிறது. தகப்பனாரின் மாத்திரை வேளையைக் குழப்புகிறது. அத்தனையும் பிரியத்தினால்தான், அதனாலேயே யாரும் கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை. அவர் கிளம்பிய மறுநாள் டப்பாக்கள் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன, நுண்ணுயிர்களும் மெல்லக் குடியேறுகின்றன.

ஒருமுறை குடும்பத்தோடு பரங்கிப்பேட்டைப் பக்கம் போனவர், வெள்ளாற்றுக் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தைக் கண்டு உற்சாகம் மேலிட்டு, இனி வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைப்பதே உசிதம் என்று பிரகடனம் செய்தார். “கடலு வேணும்னா ராசாப்பேட்டைக்குப் போயிப் பாத்துட்டு வாங்க, அத நான் களுவ வேண்டியதில்ல” என்ற ஒரே வாக்கியத்தில் அந்தத் திட்டம் சமாதியடைந்தது.

ஆனாலும் அவர் தளரவில்லை. 60 வயதில் ஓய்வு பெற்றதும் ஆறடித் தொட்டி வாங்கி, இரவு பகல் பக்கத்திலேயே இருந்து, ஒரு மீனுக்கும் குறை வராமல் தாமே பரிபாலிக்கப் போவதாக அண்மையில் சாப்பாட்டு வேளையில் அறிவித்தார். மனைவி ரசத்தை ஊற்றிவிட்டு, சிறிது நேரம் யோசித்து, மிகுந்த பரிவோடு கேட்டாள்: “ஏங்க, அறுவதுக்கு மேலயும் காண்ட்ராக்ட்ல ஆளு எடுக்கறாங்களாமே, இப்பவே ஒரு வார்த்த சொல்லி வைக்கக்கூடாதா?”